பாகவதர் இறந்த அன்று கழற்றிய ஃப்யூஸ்

ஞாயிறு காலை 7.50. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம்.

நெய்வேலி வண்டி எந்த நடைமேடையில் நிற்கும் என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று எண்கள் கிடைத்தன. வண்டி நான்காவது ஓர் எண்ணில் நின்றிருந்தது. எழுபத்தெட்டு வயதுக்காரனை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க வைப்பதற்கென்றே கட்டியதைப் போல இருக்கிறது அந்த நிலையம். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. தூரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர், டிக்கெட் 175 ரூபாய். மாலை ஐந்தரை மணிக்கு நெய்வேலி ஆர்ச் கேட்டிலிருந்து திரும்புவதற்கும் முன்பதிவு செய்திருந்தேன். போனோம், சொன்னோம், வந்தோம் என்று முடித்துக்கொள்வது என் திட்டம்.

பையில் ஒரு வேட்டி, இரத்த அழுத்த மாத்திரை, தண்ணீர் பாட்டில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பீங்கான் ஃப்யூஸ் கட்டை. பழைய மின்பலகைகளில் கைப்பிடியோடு செருகியிருக்குமே, அந்த வெள்ளைக் கட்டைதான். பிடுங்கினால் மின்சாரம் நின்றுவிடும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் நெய்வேலியில் ஒரு திறந்தவெளி மேடையிலிருந்து அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவன் நான். அதனால் வாழ்க்கை திசைமாறிய ஒருவர் இன்னும் அங்கே இருக்கிறார். அவர் பெயர் ஏழுமலை. அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இந்தப் பயணம்.

இத்தனை வருடம் வராத மனசாட்சி இப்போது ஏன் வந்தது என்று கேட்பீர்கள். வியாழக்கிழமை பின்னணிப் பாடகர் தயாளன் இறந்துபோனார். வெள்ளிக்கிழமை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். வாட்ஸப் குழுவில் எழுதினேன்: "பாடகர் தயாளன் அவர்களின் மறைவையொட்டி, மரியாதை நிமித்தமாக, மூன்று நாட்களுக்கு மொட்டைமாடியில் ஒலிபெருக்கி வைக்க வேண்டாம்." யாரும் என்னைக் கேட்கவில்லை. தயாளன் பாட்டு எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது. இரண்டாவது மாடிப் பெண் ஒருத்தி பதில் போட்டாள்: "அங்கிள், அவருக்கு மரியாதைன்னா அவர் பாட்டைப் போடறதுதானே?" அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அன்று இரவு ஒன்பது மணி வரை என் தலைக்கு மேல் தயாளன் பாடினார். பொருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் எழுதியதை எடுத்து மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. இதே வாக்கியத்தை, இதே 'மரியாதை நிமித்தமாக'வோடு, இதே 'மூன்று நாட்க'ளோடு, நான் முன்பே ஒருமுறை எழுதியிருக்கிறேன். பெயர் மட்டும்தான் வேறு.

மறுநாள் பழைய சகா ஒருவர் அனுப்பிய அறிவிப்பு வந்தது. 'நெய்வேலி தயாளன்' ஏழுமலை குழுவினரின் இசை அஞ்சலி, ஞாயிறு மாலை மூன்றரை மணி. இடம்: அதே மேடை.

காலை 10.30. விக்கிரவாண்டிக்குத் தெற்கே.

இந்தச் சாலையை நான்கு வழியாக்குகிறார்கள். எத்தனை ஆண்டுகளாக என்பதை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பேருந்து இடப்பக்கம் இறங்கி, வலப்பக்கம் ஏறி, பாதி கட்டிய பாலத்தின் காலடியைச் சுற்றி, மறுபடி இறங்குகிறது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஃப்யூஸ் கட்டை என் தொடையில் இடித்தது.

அதற்கு மேல் பாட்டு. வண்டிக்குள் குறைந்தது ஐந்து கைப்பேசிகளில் ஐந்து தயாளன்கள். ஒருவர் காதலிக்கிறார், ஒருவர் தாலாட்டுகிறார், ஒருவர் தத்துவம் பேசுகிறார். பண்ருட்டியில் எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை என்று விரல்களின் கறுப்பிலேயே தெரிந்தது. உட்கார்ந்ததும் ஆறாவது தயாளனைத் திறந்தார்.

"அம்மா, கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கறீங்களா?"

"ஏன் பெரியவரே, அவரு பாட்டு புடிக்காதா?"

"பிடிக்கிறது பிடிக்காதது இல்லம்மா. மனுஷன் இறந்து மூணு நாள்தான் ஆகுது."

"அதனாலதாங்க போட்டுகினு இருக்கறன்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க மாமனாரு செத்தப்ப ரேடியோ கட்டி, மோளம் வச்சி, ஒரு ராத்திரி ஒரு பகலு ஓயல. சத்தமில்லாம போறதுக்கு அவுரு என்னா அனாதையா?"

அந்த வட்டாரத்தில், நெய்வேலிச் சுரங்கத்தில், முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். சாவு வீட்டுக் குழாய் ஒலிபெருக்கி டவுன்ஷிப் வேலிக்கு அப்பாலிருந்து கேட்கும்போதெல்லாம் எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னல்களைச் சாத்தியிருக்கிறோம். சத்தமில்லாமல் போவது அவர்களுக்கு அவமானம் என்பதை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

காடாம்புலியூரில் அவர் இறங்கினார். இறங்கும்போது, "பெரியவரு கோவக்காரரு" என்று நடத்துனரிடம் சொல்லிவிட்டுப் போனார். நடத்துனர் சிரித்தார். சாலையோரம் பலாப்பழங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு பழத்துக்கு 250 ரூபாய் சொல்வது ஜன்னல் வழியே காதில் விழுந்தது.

பகல் 12.40. ஆர்ச் கேட்.

இறங்கியதும் ஆட்டோ. ஓட்டுநருக்கு முப்பது வயதிருக்கும்.

"டவுன்ஷிப்பா சார்? எத்தனாவது ப்ளாக்?"

"மெயின் பஜார். எவ்வளவு?"

"இருநூறு குடுங்க."

"அஞ்சு கிலோமீட்டருக்கு இருநூறா? நான் இங்கேயே இருந்தவன்ப்பா."

"இருந்தவருதான, இருக்கறவரு இல்லியே? நூத்தம்பது குடுத்துட்டு ஏறுங்க."

ஏறினேன். ஆட்டோவிலும் தயாளன். "சாயங்காலம் ப்ரோக்ராம் இருக்கு சார், ஏழுமல அண்ணன் பாடறாரு" என்றார் ஓட்டுநர். "கண்ண மூடிகினு கேட்டா தயாளன்தான் பாடறாருன்னு சொல்லுவீங்க. கண்ண தொறந்தா சுரங்கத்துல பெல்ட்டுக்கு அடியில மண்ணு வாரன ஆளு."

"பெர்மனென்ட் ஆகலையா?" என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன்.

"எங்க சார்? முப்பத்தி மூணு வருசம் கான்ட்ராக்ட்டு. அதே மண்வெட்டியோட ரிட்டயர்டு."

டவுன்ஷிப் சாலைகள் அகலமாக, மரங்களோடு, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தில் கிடந்தன. பஜாரில் ஒரு சாப்பாடு 110 ரூபாய்க்குச் சாப்பிட்டேன். ரசம் கேட்டால் சாம்பார் வந்தது. இரண்டு மணிக்கு ஷிஃப்ட் சைரன் ஒலித்தபோது, வேலையை விட்டு இத்தனை காலமாகியும், கை தானாகக் கடிகாரத்தைப் பார்த்தது. நான் குடியிருந்த வீட்டைப் பார்க்கப் போகவில்லை. வேறொன்றைச் சொல்ல வந்தவன் வீட்டைப் பார்த்துக் கண்கலங்கிக்கொண்டு நிற்பது ஏமாற்று வேலை.

மாலை 3.00. மேடை.

அந்த மேடையைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்புப் பொறியாளன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வேலையில் சேர்ந்தவன். வேலை நேரம் போக, நாங்களாக நடத்திய நுண்கலை மன்றத்துக்குச் செயலாளர். மேடையின் சாவி என் வீட்டு ஆணியில்தான் தொங்கும். கர்நாடக இசை, பட்டிமன்றம், நல்ல நாடகம், இவை மட்டும் அங்கே நடக்கும். மெல்லிசைக் குழு கூடாது என்பது எழுதப்படாத விதி. அதை எழுதாமல் காப்பாற்றியவன் நான்.

ஏழுமலை என் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. பெல்ட்டிலிருந்து சிந்தும் நிலக்கரியையும் மண்ணையும் வாரிப் போடும் வேலை. வேலிக்கு வெளியே இருந்த குடியிருப்பைச் சேர்ந்தவர். அங்கே இளைஞர்கள் சேர்ந்து ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தார்கள். அப்போதுதான் புகழ் பெறத் தொடங்கியிருந்த தயாளனின் குரலை ஏழுமலை அப்படியே பாடுவார். தொழிலாளர் நலப் பிரிவுக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்திருந்தார், பாட்டுப் பிரியர். நிறுவனத்தின் கலைக்குழுவுக்கு ஓர் ஆண் பாடகர் வேண்டும், எடுத்தால் பெர்மனென்ட் வேலை, அந்தப் பையன் பாடுவதை மேடையில் கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன் என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை மாலையைக் கொடுக்கும்படி என்னிடம் கேட்டார். கொடுத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்தச் சனிக்கிழமை நாலு மணி வானொலிச் செய்தியில் ஆலங்குளம் விசுவநாத பாகவதர் காலமானார் என்று சொன்னார்கள். எங்கள் தலைமுறைக்கு அவர் பெரிய பெயர். நான் அவர் ரசிகன். ஒரு டம்ளர் காப்பி ஆறும் நேரத்துக்கு உண்மையாகவே வருந்தினேன். அடுத்து வந்தது நிம்மதி. அதைத்தான் இத்தனை காலம் வெளியே சொல்லவில்லை. 'மரியாதை நிமித்தமாக மூன்று நாட்களுக்கு நிகழ்ச்சிகள் இல்லை' என்று சுற்றறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் சொல்லவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. மேடைக்குப் போனேன். மைக்செட்காரர் நம்பாமல் "ஹலோ, ஹலோ" என்று சோதித்துக்கொண்டே இருந்தார். அவருடைய மின்பலகையைத் திறந்து ஃப்யூஸைப் பிடுங்கினேன். கேட்டுக்கு வெளியே, புதுத்துணி உடுத்திக்கொண்டு அந்தக் குடியிருப்பே வந்து நின்றிருந்தது. காவலாளியிடம் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், பாகவதரின் இசைத்தட்டைப் போட்டுக் கேட்டேன்.

அடுத்த வாரம் அந்த அதிகாரிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. போவதற்கு முன் பாடகர் இடத்தை நிரப்ப வேண்டும், உங்களுக்குத் தெரிந்து யாராவது உண்டா என்று கேட்டார். "அந்த ஏழுமலையைக் கூப்பிட்டு ஒரு பாட்டுக் கேளுங்கள்" என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்காது. எங்கள் ஊர்ப்பக்கத்து இளைஞர் ஒருவர் பெயரைச் சொன்னேன். அவருக்கு வேலை கிடைத்தது.

அதன்பின் இருபது வருடம் ஏழுமலை என் கண்ணெதிரே மண் வாரினார். நான் வணக்கம் வாங்கிக்கொண்டேன்.

இப்போது அந்த மேடைக்கு வருகிறேன். வாயிலில் ஃப்ளெக்ஸ். நடுவில் தயாளன், அவர் முதுகில் இறக்கை, அவரைச் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி போட்ட முப்பது இளைஞர்கள். யார் இறந்தவர், யார் வருந்துபவர் என்று தெரியவில்லை. ஒரு மூலையில் கைக்குழந்தை ஒன்றின் படம். வாத்தியக்காரர்கள் இல்லை. ஒரு மடிக்கணினியில் பின்னணி இசை தயாராக இருக்கிறது. பாடுகிறவர்கள் கைப்பேசியைப் பார்த்துப் பாடுவார்கள். கேட்கிறவர்கள் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். காவலாளி இல்லை, சாவி இல்லை. மேடையை யார் வேண்டுமானாலும் கணினியில் பதிவு செய்து எடுத்துக்கொள்ளலாமாம். ஒலிபெருக்கிப் பெட்டிகள் ஆள் உயரம்.

முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். மூன்றரைக்குத் தொடங்க வேண்டியது நாலுக்குத் தொடங்கியது. முதலில் ஏழுமலை வந்தார். நரைத்த தலை, வெள்ளைச் சட்டை, நேராக நிற்க முடியாத முதுகு. தயாளன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். பின்னணி இசை இல்லாமல் தொடங்கினார்.

அவர் பாடியது தயாளன் பாட்டு இல்லை. பாகவதர் கச்சேரி முடிவில் பாடும் விருத்தம்.

சுதி சற்றே விலகியது. ஓரிடத்தில் ராகமும் நழுவியது. வேறொரு நாளாக இருந்தால் அதற்கே எழுந்து போயிருப்பேன்.

மாலை 4.15. மேடைக்குப் பின்புறம்.

அடுத்தவர் பாட வந்ததும் நான் எழுந்து பின்பக்கம் போனேன். ஏழுமலை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்து எழுந்தார்.

"சார்! எப்ப வந்தீங்க? டேய், சாருக்கு ஒரு சேர் போடு. நம்ம பெல்ட்டு சாருடா!"

"நீங்க உட்காருங்க ஏழுமலை."

"என்னா சார், வாங்க போங்கன்னுகினு? புதுசா இருக்குது."

"முதல்ல பாடினது பாகவதர் விருத்தம்தானே?"

"ஆமா சார். எங்க ட்ரூப்புல எப்பவுமே மொத பாட்டு அதுதான். தீமிதி திருவிழான்னாலும் அதுதான், கல்யாணம்னாலும் அதுதான். ஏன்னு கேளுங்க." அவரே சொன்னார். "அந்த வருசம் இதே மேடையில நமக்கு ப்ரோக்ராம் இருந்துச்சே, ஞாபகம் இருக்குதா? பாகவதரு செத்துட்டாருன்னு நின்னுபோச்சே? ஒரு மனுசன் செத்தா ஒரு டவுன்ஷிப்பே வாய மூடுதுன்னா அவரு எப்பேர்ப்பட்ட ஆளா இருப்பாருன்னு தோணுச்சி. கடலூர் போயி கேசட் வாங்கியாந்தேன். ஒண்ணும் புரியல. கேட்டுகினே இருந்தேன். கேக்கக் கேக்க புடிச்சிபோச்சு. இந்த ஒண்ண மட்டும் எப்பிடியோ தொண்டையில ஏத்திகினேன்."

நான் தயார் செய்து வந்திருந்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன. அவர் நஷ்டத்தை மட்டும் எண்ணிக்கொண்டு வந்திருந்தேன். அதிலிருந்து அவர் ஒரு நல்ல விஷயத்தைக் கட்டி வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சொன்னால் அதையும் இடிப்பேன். சொல்லாவிட்டால் அன்று செய்ததையே மறுபடி செய்வேன்.

"ஏழுமலை, அன்னிக்கு நிகழ்ச்சி நின்னது பாகவதரால இல்லை."

"சர்க்குலர்ல நீங்கதான் கையெழுத்து. அது தெரியும் சார். மேலேருந்து சொல்லியிருப்பாங்க, நீங்க என்ன பண்ணுவீங்க?"

"மேலேருந்து யாரும் சொல்லலை. நீங்க அந்த மேடையில ஏறுறது எனக்குப் பிடிக்கலை. அவர் செத்தது எனக்கு வசதியாப் போச்சு."

டீக் கோப்பை அப்படியே நின்றது.

"அந்தப் பாட்டுக்காரர் வேலை. அதுக்கு வேற ஆளைச் சொன்னதும் நான்தான். எங்க ஊர் ஆளை."

மேடையில் ஒரு பெண் தயாளனின் ஜோடிப் பாட்டில் இரண்டு பேர் பங்கையும் ஒருத்தியே பாடிக்கொண்டிருந்தாள். ஏழுமலை குனிந்து டீக் கோப்பையைத் தரையில் வைத்தார். நிமிர்ந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

"எங்கப்பா அன்னிக்கு கேட்டாண்ட வந்து நின்னுகினு இருந்தாரு சார். டவுன்ஷிப்பு கேட்டுக்குள்ள அதுவரைக்கும் பூந்ததே இல்ல அவரு. 'பெரிய மனுசன் செத்துட்டாராம்பா, வா வூட்டுக்குப் போலாம்'னு நான்தான் இட்டுகினு போனேன். தலையில கட்டியிருந்த துண்ட அவுத்து கக்கத்துல வச்சிகினாரு. வூடு போயி சேர்ற வரைக்கும் கட்டல. அது யாருக்கு சார் குடுத்த மரியாத?"

பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன்.

"இன்னா இது?"

"அன்னிக்குப் பிடுங்கின ஃப்யூஸ் கட்டை."

வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இத்தினி வருசம் வூட்ல வச்சிகினா இருந்தீங்க?"

"ஆமா."

"அந்த மைக்செட்டு ஆளு, பாவம், தன்னோட பீஸ் கட்ட காணோம்னு ஒரு வாரம் தேடினான்." சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பாகவதரு செத்தது உண்மதான சார்?"

"உண்மைதான்."

"அப்ப அவர வுட்டுடுங்க. அவரு பாட்டு அவரு எடத்துல இருக்கட்டும். அவரு இன்னா பண்ணாரு? உங்களத்தான் என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல."

மேடையிலிருந்து அவர் பெயரை அழைத்தார்கள். அவர் மகள் கலைச்செல்விதான் தொகுப்பாளர், குறிஞ்சிப்பாடியில் ஆசிரியையாக இருக்கிறாள். "அப்பா, வாங்க, உங்க டர்ன்!" என்று அவள் எட்டிப் பார்த்தாள். ஏழுமலை ஃப்யூஸ் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். பை தொங்கியது.

"எப்ப கெளம்பறீங்க?"

"அஞ்சரைக்கு வண்டி."

"இருபத்தி ரெண்டு பாட்டு இருக்குது. மொத வரிசையில உக்காந்து கடைசி வரைக்கும் கேளுங்க. நடுவுல எழுந்து போவாதீங்க." கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. ஷிஃப்டில் வேலை சொல்கிறவரின் குரல் அது.

மாலை 4.40 முதல் 7.10 வரை. முன்வரிசை.

உட்கார்ந்தேன். இரண்டு அடி தூரத்தில் ஒலிபெருக்கிப் பெட்டி. ஒவ்வொரு தாளத்துக்கும் என் வயிறு குலுங்கியது. இந்தக் காலத்து அஞ்சலியைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒரு வங்கி ஊழியர் பல்லவியை மறந்துவிட்டு, கைப்பேசி அணைந்துவிட்டது என்று காரணம் சொன்னார். ஒருவர் பாடிக்கொண்டே தன்னைத் தானே படம் எடுத்தார். சோகப் பாட்டுக்கு விசிலடித்தார்கள். குத்துப் பாட்டுக்கு ஒரு பாட்டி அழுதாள். அனல்மின் நிலையக் கேன்டீனில் ஒப்பந்த வேலை செய்யும் ஒரு பெண், சீருடையோடு வந்து ஒரு தாலாட்டைப் பாடிவிட்டு, ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கைதட்டலுக்குக்கூட நிற்காமல் ஓடினாள். அவள் பாடியது நன்றாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

ஐந்தரை ஆனது. என் வண்டி போயிருக்கும்.

பாகவதர் இறந்தபோது செய்தி ஒரே பெட்டி வழியாக வந்தது. அந்தச் செய்திக்கு என்ன செய்வது என்பதை என்னைப் போன்ற நாலு பேர் முடிவு செய்தோம். மற்றவர்கள் துக்கத்தின் அளவை அறிவிப்புப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். தயாளன் இறந்த செய்தி எல்லார் உள்ளங்கையிலும் ஒரே நிமிடத்தில் விழுந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. முந்திரி உடைக்கும் அம்மாளுக்கும் ஆட்டோக்காரருக்கும் ஒரு செயலாளர் தேவைப்படவில்லை. இந்த இரைச்சலில் ஓர் ஒழுங்கு இல்லையே என்று மூன்று நாளாக எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாளில் இருந்த ஒழுங்கு நான்தான். கையில் சாவி வைத்திருந்த நான்.

ஆறே முக்காலுக்கு ஏழுமலை கடைசியாக மேடைக்கு வந்தார். கண்ணை மூடிக்கொண்டேன், ஆட்டோக்காரர் சொன்னபடி. தயாளன்தான் பாடினார். கண்ணைத் திறந்தேன். சுரங்கத்துப் பக்கமிருந்து மாலைக் காற்று கிளம்பியிருந்தது. அவர் ஒருவர்தான் கைப்பேசி இல்லாமல், காகிதத்தில் எழுதி வைத்துப் பாடினார். சிறிய மேசையில் இருந்த தாள்கள் படபடத்தன. ஒன்று பறந்து போனது. பாட்டை நிறுத்தாமல் ஒரு கையால் மற்றதைப் பிடித்தார். இன்னொரு கையில் மைக். அடி முடிந்ததும் மைக்கை மேசையில் வைத்துவிட்டு, சட்டைப் பையில் துழாவி அந்த ஃப்யூஸ் கட்டையை எடுத்து, தாள்கள் மேல் வைத்தார். தாள்கள் அடங்கின. அடுத்த அடியைப் பாடினார். என் பக்கம் பார்க்கவில்லை.

முடிந்ததும் கூட்டம் மேடைக்கு ஏறிப் படம் எடுத்துக்கொண்டது. நான் நாற்காலியிலேயே இருந்தேன். கலைச்செல்வி ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.

"சார், எலுமிச்ச சாதம். நீங்க சாப்டாம போகக்கூடாதுன்னு அப்பா சொன்னாரு."

"அவரைப் பார்த்துட்டுப் போகலாம்னு..."

அவள் தயங்கினாள். "அவரு வரலியாம் சார். 'சாப்பாட்ட குடு, பஸ்ஸுக்கு வழி சொல்லு, அவ்ளோதான்'னாரு. ஏன் சார், எதனா சண்டையா?"

"அப்பாவே சொல்வார்" என்றேன். சொல்ல வேண்டியது இனி அவர் பொறுப்பு. எப்படிச் சொன்னாலும் சரி.

திங்கள் காலை 6.45. ஆர்ச் கேட்.

மந்தாரக்குப்பத்தில் ஒரு விடுதியில் தங்கினேன். அறை 700 ரூபாய். மின்விசிறி கத்தியது, வெந்நீர் வரவில்லை. சென்னை வண்டி இருபது நிமிடம் தாமதம். மன்னிப்புக் கேட்டேன், கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஐந்தரைக்குத் திரும்பும் டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பை இலேசாக இருந்தது. பள்ளங்களில் தொடையில் எதுவும் இடிக்கவில்லை.

வடக்குத்து தாண்டும்போது வாட்ஸப் குழுவைத் திறந்து, வெள்ளிக்கிழமை எழுதிய அறிவிப்பைத் தேடினேன். அழிக்க முயன்றேன். நாள் கடந்துவிட்டதால் எல்லாருக்குமாக அழிக்க முடியாது என்றது. அதற்குக் கீழே எழுதினேன்: "நான் போட்டது தவறு. சங்கச் செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது வாருங்கள்." உடனே ஒரு கட்டைவிரல் வந்தது. இரண்டாவது மாடி.

பண்ருட்டியில் இரண்டு கல்லூரி மாணவர்கள் ஏறி, என் முன்னிருக்கையில் உட்கார்ந்து தயாளனைத் திறந்தார்கள், முழுச் சத்தத்தில். எனக்குத் தலைவலி. எரிச்சல் அப்படியேதான் இருக்கிறது, எழுபத்தெட்டு வயதுக்கு மேல் அது மாறப்போவதில்லை. "தம்பி, எனக்குத் தலை வலிக்குது, கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்றேன். குறைத்தார்கள். அவ்வளவுதான் விஷயம். அதற்கு மரியாதை என்று பெயர் வைக்க மட்டும் இனி எனக்கு வாய் வராது.